முந்திக்கொண்ட அப்பா

அப்பா அங்கேயும் முந்திக்கொண்டார் என்று தெரிந்ததும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"எப்போ வந்தார்?"

"போன வாரம். பேக்கரியிலேருந்து நேரா வந்திருப்பார் போல, சட்டையெல்லாம் மாவு. ரொம்ப நேரம் பேசிட்டிருந்தார்" என்றார் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். பட்டாளத்தில் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர்.

பட்டாளத்தில் சேருவதா வேண்டாமா என்று முடிவெடுக்கும் முன், அங்கே இருந்துவிட்டு வந்தவர்களை ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்றுதான் அவள் வந்திருந்தாள். ஆசையில் குதித்துவிட்டு அப்புறம் அழக்கூடாது, இல்லையா?

"என்னைப் பத்தி என்ன சொன்னார்?"

"அதை அவர்கிட்டயே கேட்டுக்கோம்மா. நீ உன் கேள்வியைக் கேளு."

கேட்டாள். அவரும் ஒளிக்காமல் சொன்னார்.

"முதல் வருஷம் உன் கால் உன் கால் மாதிரியே இருக்காது. கேட்டப்போ லீவு கிடைக்காது. என் தங்கச்சி கல்யாணத்தையே நான் போட்டோவுலதான் பார்த்தேன்."

"அப்புறம் ஏன் சார் இத்தனை வருஷம் இருந்தீங்க?"

கிளட்சோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த ஒருவரைப் பார்த்து, "மெதுவா விடுய்யா!" என்று கத்திவிட்டுத் திரும்பினார்.

"பக்கத்துல நிக்கிறவன் நம்மளை விட்டுட்டு ஓடமாட்டான்ங்கிற தைரியம் இருக்கே... வெளியில வந்த பிறகு அது எனக்கு எங்கேயும் கிடைக்கலைம்மா."

அங்கிருந்து நேரே பேக்கரிக்குப் போனாள்.

"நான் போற இடத்துக்கெல்லாம் முன்னாடியே போய் அவங்க மனசைக் கலைச்சு விடறீங்களா?"

அப்பா மாவு பிசைவதை நிறுத்தவில்லை.

"ஏன், நானும் அவங்ககிட்ட நாலு வார்த்தை பேசக்கூடாதா?"

"எதுக்கு? உங்களையா சேர்த்துக்கப் போறாங்க?"

"அடுப்புச் சூட்டுக்கே ஆ, ஊங்கிறவ நீ. உன்னைச் சேர்த்துக்கிட்டா என்னையும் சேர்த்துப்பாங்க."

"பேச்சை மாத்தாதீங்கப்பா. என்ன சொல்லி வச்சீங்க அவர்கிட்ட?"

அப்பா மாவை ஓங்கி ஓங்கி அடித்தார்.

வீட்டில் இருப்பதே இரண்டு பேர். அன்றைக்கு அந்த இரண்டு பேரும் முகம் கொடுத்துப் பேசாமல் சாப்பிட்டு எழுந்தார்கள்.

மறுநாள் அவள் நர்ஸ் அக்காவைத் தேடிப் போனாள். பட்டாளத்து ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவர். இப்போது கடைத்தெருவில் ரத்தப் பரிசோதனை நிலையம் நடத்துகிறார்.

"பயம் போயிடும்னு யாராவது சொன்னா நம்பாதே" என்றார் அக்கா. "போகாது. ஆனா பயத்தோடயே கையும் காலும் வேலை செய்யப் பழகிடும். அழுகை வரும். பாத்ரூம் குழாயைத் திறந்துவிட்டுட்டு அழுதுட்டு வந்து, மறுபடியும் வரிசையில நிப்பே. நானும் அப்படித்தான் நின்னேன்."

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"நான் சேரப் போறேன் அக்கா. கஷ்டம்னு தெரிஞ்சேதான் சொல்றேன். அப்பாதான் குறுக்கே நிக்கிறார். இங்கேயும் வந்தாரா?"

"வந்தார்."

"நினைச்சேன்! எனக்குப் புத்தி சொல்லித் தடுக்கச் சொன்னாராக்கும்?"

அக்கா கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"உன்கிட்ட சொல்லக்கூடாதுன்னு கையைப் பிடிச்சுக் கேட்டுக்கிட்டார். ஆனா நீ அவரை விரோதியா நினைச்சுக்கிட்டுக் கிளம்பறதை என்னால பார்த்துட்டு இருக்க முடியாது."

"அப்படி என்னதான் கேட்டார்?"

"'அங்கேருந்து என் பொண்ணு போன்ல அழுதா, வாய் தவறி "திரும்பி வந்துடும்மா"ன்னு சொல்லிடாம இருக்க நான் என்ன பண்ணணும்?'னு கேட்டார்."