காருக்கு ஆள் தேவை

மார்ச் 4. விண்ணப்பத்தில் ‘கார் ஓட்டத் தெரியும்’ என்று எழுதியது என் தவறு.

சின்னமனூர் ஏலக்காய் வியாபாரி சுருளிவேல், தன் புது ஸ்போர்ட்ஸ் காருக்கு ஆள் தேடினார். பகல் வேலை, என் மாலை வகுப்பு கெடாது. ஆனால் அவர் முன்னால் உட்கார்ந்ததும் பொய் சொல்ல வாய் வரவில்லை.

“ஐயா, எனக்கு சைக்கிள்தான் ஓட்டத் தெரியும்.”

“நெசமாவா ஆத்தா?”

“நெசந்தான்” என்று எழுந்தேன்.

“உக்காரு. நல்லா ஓட்டுறவுக மூணு பேரு வந்தாக, வேண்டாம்னுட்டேன். இருபது வருசம் ஓடாம புதுசா நின்னாத்தான் இந்த வண்டிக்கு மவுசு. தொடச்சு மூடி வைக்கத்தான் ஆளு. இந்தா சாவி!”

உள்ளிருந்து அவர் மனைவி சிரித்தார்: “இவுக கேட்டாலும் குடுத்துராத!”

நாளை ஒன்பது மணிக்குப் போய்க் காரைத் துடைக்க வேண்டும்.