தனியாக ஒரு சுற்று

மருமகன் வாங்கித் தந்த டிக்கெட்டில், முதன்முறையாக ஐஸ் ஹாக்கி பார்க்க வினிப்பெக் அரங்குக்கு வந்திருந்தார் வேட். தாடி நரைத்த வீரர் ஒருவர் மட்டும் பனிக்களத்தை வேகமாகச் சுற்றிவந்தார். மற்றவர்கள் வாசலிலேயே நின்று மட்டையால் தரையைத் தட்டினார்கள்.

"யாரும்மா அவரு?" பக்கத்து இருக்கைப் பெண்ணிடம் கேட்டார்.

"என் வீட்டுக்காரர் லோர்ன். பதினாறு வருஷமா ஆடுறார். முழங்கால்ல மூணு ஆபரேஷன், முன்பல்லு நாலும் போச்சு. ஒருநாள்கூட பயிற்சிக்கு மட்டம் போட்டதில்ல."

வேட் தொப்பியைக் கழற்றினார். "இன்னிக்கு ரிட்டயர் ஆகுறாரா? அதான் இவ்வளவு மரியாதையா?"

"இல்லீங்க. இத்தனை வருஷமும் சின்ன ஊர் அணிகள்லதான் ஆடினார். பெரிய லீக்குக்குப் புதுசா வர்றவங்களைத்தான் இப்படித் தனியா இறக்கிவிடுவாங்க." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இதுதான் அவருக்கு முதல் ஆட்டம்."