இரும்பா, அலுமினியமா

பலகையின் மீது, கார் எஞ்சினை மேலே மூடும் சிலிண்டர் ஹெட்டுகள் இரண்டு சோடி இருந்தன. ஒரு சோடி அலுமினியம். மறு சோடி வார்ப்பிரும்பு.

தில்லையம்பலம் அலுமினியத்தின் மீது கையை வைத்தான். லோறன்ஸ் அதனைப் பார்த்தும் பாராதவனாய்த் தன் விரல்களைத் துணியால் துடைத்தான்.

பாரிசின் ரூ பஜோல் தெருவுக்குப் பின்புறம், தண்டவாளங்களை ஒட்டி, லோறன்ஸ் வாடகைக்கு எடுத்திருந்த கொட்டகை அது. கிழமை முழுவதும் பிரெஞ்சு முதலாளி ஒருவரின் கராஜில் உழைப்பவன், ஞாயிற்றுக்கிழமைகளில் இங்கு வருவான். தில்லையம்பலமோ உணவகமொன்றில் கோப்பை கழுவிவிட்டு, உறங்காமலே வந்திருந்தான்.

நடுவே, எஞ்சின் மூடியான பொனற் திறந்தபடி, அந்தச் சிவப்புக் கார் நின்றது. அறுபதுகளில் அமெரிக்காவில் செய்யப்பட்டது, எட்டுச் சிலிண்டர், பொனற்றில் இரு கருங்கோடுகள். அதன் பழைய ஹெட்டுகளில் வெடிப்பு விழுந்து, எண்ணெயில் தண்ணீர் கலந்துவிட்டது. காரைச் செய்த நிறுவனம் அவற்றை இப்போது வார்ப்பதில்லை. ஆகவே, பிறர் செய்தவற்றுள் ஒரு சோடியைத் தெரிவுசெய்தேயாக வேண்டும், அதுவும் இன்றே.

ஏனெனில், வியாழக்கிழமை கோசலை வரவிருந்தாள்.

தனக்கு நிச்சயிக்கப்பட்ட மணப்பெண்ணாகிய அவளைத் தில்லையம்பலம் நேரில் கண்டதில்லை. அவளும் அவனைக் கண்டதில்லை; அவள் கண்டது ஒரு புகைப்படத்தை.

பாரிசுக்கு வந்த முதற் குளிர்காலத்தில், இரவல் கோட்டு ஒன்றை அணிந்து, தெருவோரம் நின்ற இந்தக் காரின் மீது சாய்ந்தபடி எடுத்த படம் அது. கார் ஜெனவியேவ் என்னும் முதியவளுக்குச் சொந்தமானது. அது தன்னுடையது என்று அவன் எங்கும் சொல்லவில்லை. ஊரார் தாமே அவ்வாறு கொண்டனர். அவன் மறுக்கவுமில்லை.

கோசலையின் தகப்பனார் சுன்னாகத்தில் வாடகைக் கார் ஓட்டுபவர். மாப்பிள்ளை தன் காரிலே வந்து ஏற்றுவார் என்று சொல்லியே மகளை அனுப்புகின்றார்.

ஆகவே, பழுதடைந்த காரைக் கழித்துவிட ஜெனவியேவ் எண்ணியபோது, தில்லையம்பலம் அதனை வாங்கினான். பொய்யை மெய்யாக்க வேறு வழி அவனுக்குப் புலப்படவில்லை. ஆயினும், கார்க்காரன் மகள் எஞ்சினின் முதல் இருமலிலேயே எல்லாவற்றையும் அறிந்துவிடுவாள் என்று அஞ்சினான்.

"அண்ணை, இந்த அலுமினியத்தையே போடுங்கோ. றுவாசி எயார்போட்டிலையிருந்து பறந்து வரவேணும்."

"பறக்கும். போர்த் து லா ஷப்பல் சிக்னலிலை நிண்டா விக்கி விக்கி நூந்துபோம். பிறகு பொம்பிளையை இறங்கித் தள்ளச் சொல்லப்போறியோ?"

லோறன்ஸ் கூறியது சரியே. அலுமினிய ஹெட்டின் துவாரங்கள் அகன்றவை. வேகம் மிகுந்தால் எஞ்சின் அவற்றின் வழியே தாராளமாக மூச்செடுக்கும். வேகம் தணிந்தால் காற்றோட்டம் தளர்ந்து தடுமாறும். இரும்பின் துவாரங்கள் ஒடுங்கியவை. அது பந்தயத்தில் தோற்கும், நெரிசலில் தாக்குப்பிடிக்கும்.

"இரும்பு பழசுபோலக் கிடக்கு, அண்ணை."

"வந்திறங்கின பிள்ளை பொனற்றையே திறந்து பாக்கப்போகுது? உனக்கு நித்திரை இல்லாமல் மூளை குழம்பிப்போச்சு."

தில்லையம்பலம் அருகிலிருந்த டயரின் மீது அமர்ந்தான்.

"அவளுக்கு உண்மையைச் சொல்லிவிடட்டோ, அண்ணை?"

"சொல்லாதை," என்றான் லோறன்ஸ். அவ்விடை மிக விரைவாக வந்தது.

முன்பு இந்தப் புகைப்படக் கதையைக் கேட்டு, தில்லையம்பலத்தோடு அறையில் தங்கியிருந்த அனைவரும் நகைத்தபோது லோறன்ஸ் ஒருவனே நகைக்கவில்லை. தன் ஓய்வுநாட்களையெல்லாம் இந்தக் காருக்கே தந்தான். அதனை அவனுடைய நற்குணம் என்றே தில்லையம்பலம் எண்ணியிருந்தான்.

கதவு திறந்தது. லோறன்ஸின் மனைவி இம்மாகுலேற் நின்றாள். புறநகரான வில்லியே லே பெல்லிலிருந்து தேவாலயப் பூசைக்கு வந்தவள், கணவனுக்குச் சோற்றுப் பொதியும் கொண்டுவந்திருந்தாள். கொட்டகைக்குள் அவள் வருவது இதுவே முதல் முறை.

பொதியைப் பலகையின் ஓரத்தில் வைத்தாள். பின்னர், அவசரமின்றிக் காரைச் சுற்றி வந்தாள்.

"இஞ்சாருங்கோ, எனக்கு அனுப்பின படத்திலை நீங்கள் சாஞ்சு நிண்ட கார் இதெல்லே? நான் வர முந்தி வித்துப்போட்டன் எண்டு சொன்னியள்."

வெளியே ரயிலொன்று நெடுநேரம் சென்றுகொண்டிருந்தது.

தில்லையம்பலம் எழுந்தான், மறுபடியும் அமர்ந்தான்.

இம்மாகுலேற் தொடர்ந்தாள்: "நான் வந்த முதல் கிழமையே இதை றோட்டிலை கண்டனான். ஒரு கிழவி, பூனைக்குட்டியைத் துடைக்கிறமாதிரித் துடைச்சுக்கொண்டு நிண்டது."

லோறன்ஸ் நிலத்தைப் பார்த்தபடி கேட்டான்: "ஏன் அப்பவே கேக்கேல்லை?"

"கேட்டிருந்தா? நான் நாளும் காத்து நிக்கிற பஸ் கெதியா வந்திருக்குமோ?"

அவள் குரலில் கோபம் இல்லை. களைப்பு மட்டுமே இருந்தது. அதுவும் இன்றைய களைப்பன்று.

இம்மாகுலேற் பலகையை நெருங்கி, இரண்டு சோடிகளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இதிலை எது வழியிலை நிக்காமல் வரும்?"

லோறன்ஸ் இரும்பைக் காட்டினான்.

"அப்ப அதைப் போடுங்கோ. அந்தப் பிள்ளை பயணக் களைப்போடை வரும்."

லோறன்ஸ் குனிந்து இரும்பின் ஒரு முனையைப் பிடித்தான். தில்லையம்பலம் மறுமுனையைப் பிடித்தான். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் அதனைத் தூக்கினர்.