முப்பத்திரண்டாவது நொடி

“இந்தம்மாவ முதல்ல வெளிய அனுப்புங்க சார்! இவங்க இருந்தா நான் வேலை பாக்க மாட்டேன்!”

டை கட்டிய கம்பெனி இன்ஜினியர் போட்ட கூச்சலில் ஆஸ்பத்திரி மேனேஜரே ஒரு அடி பின்வாங்கினார். மேஜை மேல் இன்ஜினியரின் செல்போன் ஸ்பீக்கரில் கிடந்தது. மறுமுனையில் அவருடைய பெரிய அதிகாரி.

போன் அக்கா இடத்தை விட்டு அசையவில்லை. இருபது வருடமாக அந்த ஆஸ்பத்திரியின் போன்களைக் கட்டி மேய்ப்பவர்.

சிக்கல் இதுதான். ஆஸ்பத்திரிக்குப் புதிதாக வந்த டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் ஒரு கம்பெனி. வார்டில் கட்டிலுக்குக் கட்டில் இருக்கும் போன்கள் வேறு கம்பெனி. இரண்டுக்கும் ஏழாம் பொருத்தம். மணி அடிக்கும், பேச்சும் கேட்கும். சரியாக முப்பத்திரண்டாவது நொடியில் லைன் செத்துவிடும்.

“நேத்து பதினாலாம் பெட் அம்மா மூச்சு முட்டுதுன்னு கூப்பிட்டாங்க. திணறித் திணறிப் பேசுறதுக்குள்ள கட்டாயிடுச்சு. நர்ஸ் கட்டில் கட்டிலாத் தேடி ஓடுனாங்க சார்,” என்றார் அக்கா.

“அடுத்தவன் போன் எங்க எக்ஸ்சேஞ்சோட சேராது,” என்றது ஸ்பீக்கர். “எல்லாத்தையும் மாத்துங்க.”

“அதுக்கு வசதியில்ல,” என்றார் மேனேஜர். “வார்டுல போனே வேணாம். இன்னிக்கே கழட்டிடும்மா.”

“மாட்டேன்.”

“என்னது?”

“முதல்ல என்னை வேலையை விட்டுத் தூக்குங்க. அப்புறம் போனத் தூக்கலாம். சேராதுன்னு மெஷின் சொல்லல சார், இவங்க சொல்றாங்க. உள்ள ஒரு மெனுவப் பூட்டி வெச்சிருக்காங்க.”

“பச்சைப் பொய்!” இன்ஜினியர் மேஜையைக் குத்தினார். “அப்படி ஒண்ணு கிடையவே கிடையாது. தொட்டுப் பாருங்க, அப்பத் தெரியும் சேதி!”

தொட்டே விட்டார் அக்கா. எக்ஸ்சேஞ்ச் மெஷினில் எட்டு எண்களைத் தட்டினார். திரை திறந்தது. ‘பிற கம்பெனி போன்கள்’ என்ற ஒரே ஒரு வரியில் ‘இல்லை’யை ‘ஆம்’ ஆக்கினார். பதினாலாம் பெட்டைக் கூப்பிட்டார்.

“அம்மா, சாப்டீங்களா?”

மேனேஜர் சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். முப்பது. முப்பத்தொன்று. முப்பத்திரண்டு.

நாற்பதாவது நொடியிலும் அந்தம்மா தன் மருமகளைப் பற்றிக் குறை சொல்லிக்கொண்டிருந்தார்.

“ரகசிய நம்பர் உனக்கு எப்படித் தெரியும்?” மேனேஜர் வாய் பிளந்தார்.

“குருட்டாம்போக்குல அடிச்சேன் சார், திறந்துக்கிச்சு.”

“கேட்டீங்களா சார்? நம்ம மெஷினையே கெடுத்துட்டாங்க!” என்று ஸ்பீக்கரிடம் கத்திவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு வெளியேறினார் இன்ஜினியர். அக்காவைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“திமிர் பிடிச்சவன்,” என்று முணுமுணுத்தார் மேனேஜர்.

அக்கா வெளியே நடந்தார். வராந்தாவுக்கு வந்ததும், உள்ளங்கையில் கசங்கியிருந்த சீட்டைப் பிரித்தார். காலையில் டீ குடித்த சாக்கில், தன் கப்புக்கு அடியில் இன்ஜினியர் விட்டுப்போன சீட்டு. எட்டு எண்கள். அதற்குக் கீழே அவசரக் கிறுக்கலில் இரண்டு வரி:

“நான் திறந்தா என் வேலை போயிடும். நான் எவ்வளவு கத்தினாலும் நீங்க விட்டுடாதீங்க அக்கா.”