பழைய மீன் கடிக்காமல் இருக்க

"தம்பி, தொட்டியில ஏற்கெனவே ஒண்ணு இருக்கு. புதுசா ஒண்ணை விட்டா பழசு கடிக்குமா?"

கொம்போ தன் மீன்தொட்டிக் கடையைத் திறந்து, மோட்டாரைப் போட்டு, ஒரு வாய் இஞ்சிக் காப்பி குடிப்பதற்குள் சுவாலே வந்து நின்றுவிட்டார். நேற்றும் இதே கேள்விதான். பதில் சொல்வதற்குள் யாரோ தெருவில் போனார்கள் என்று நழுவிவிட்டார்.

இன்று விடுவதாக இல்லை கொம்போ. மொம்பாசாவில் வாசலிலேயே கடலை வைத்துக்கொண்டு எவன் வீட்டுக்குள் உப்புத் தண்ணீர் நிரப்புவான்? கொம்போ விற்கிற மீன்களெல்லாம் ஓட்டல்களுக்கும் பல் டாக்டர்களுக்கும்தான் போகும். வீட்டில் வளர்க்கிறேன் என்று கடைப்படி ஏறிய முதல் ஆள் சுவாலேதான். இவர் தொட்டி நன்றாக இருந்தால் தெருவே பின்னால் வரும். இவர் மீன் செத்தால் கடையின் பேரும் சேர்ந்து சாகும்.

"பழசு என்ன மீன் அண்ணே? முதல்ல அதைச் சொல்லுங்க."

சுவாலே தொட்டிகளை வரிசையாகப் பார்த்தார். ஒரு நீல மீன் கண்ணாடிக்கு உள்ளேயிருந்து அவரையே முறைத்தது. "இது மாதிரிதான்" என்றார்.

"ஐயோ, இதுவா! ஆள்தான் சின்னது, வாய் பெருசு. எத்தனை வருஷமா இருக்கு?"

"ஆச்சு, பன்னெண்டு வருஷம்."

"பன்னெண்டா! அதுவும் தனியா! அப்போ தொட்டியே தன்னோடதுன்னு நினைச்சிருக்குமே. புதுசை நார் நாராக் கிழிச்சிடும்!"

சுவாலே தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்தார். "எனக்கு வீட்ல நிம்மதி வேணும் தம்பி. சண்டைச் சத்தம் ஆகாது."

"மீன் சண்டையில ஏதுண்ணே சத்தம்?"

"ஒரு பேச்சுக்குச் சொன்னேன்."

"பேசாம ரெண்டு தொட்டி வெச்சிடுங்க. ஆளுக்கு ஒண்ணு."

"ரெண்டு வைக்க எனக்குக் கட்டுப்படியாகுமா? நான் என்ன கப்பல் முதலாளியா?"

"சரி, இருக்கிற தொட்டி எவ்வளவு பெருசு? எத்தனை லிட்டர்?"

"லிட்டரா?" சுவாலே விழித்தார். "அது... பெருசுதான். தாராளமா நடமாடலாம்."

"தண்ணி?"

"குழாய்த் தண்ணி."

"கடல் மீனுக்கா!"

"எங்க தெருக் குழாய்ல வர்றதே உப்புத் தண்ணிதானப்பா."

அதை இந்த ஊரில் யாராலும் மறுக்க முடியாது. ஆனாலும் கொம்போவுக்குத் தலை சுற்றியது. லிட்டர் தெரியாது, தண்ணீர் தெரியாது, இந்த மனிதர் எப்படிப் பன்னிரண்டு வருஷம் ஒரு மீனை உயிரோடு வைத்திருக்கிறார்? கேட்டால் கோபித்துக்கொண்டு போய்விடுவாரோ என்று பயந்து, தெரிந்ததையெல்லாம் சொல்ல ஆரம்பித்தான்.

"நல்லா கேட்டுக்கங்கண்ணே. புதுசு சாதுவான ஜாதியா இருக்கணும். பழசு மாதிரியே நிறம், உருவம் இருந்தா அதுக்குப் பார்த்தாலே எரியும். முதல்ல புதுசை ஓட்டை போட்ட பெட்டியில வெச்சு, அதே தொட்டியில தொங்க விடுங்க. ஒண்ணை ஒண்ணு பார்க்கலாம், கடிக்க முடியாது. பழகினப்புறம் பாறையை எல்லாம் இடம் மாத்தி வைங்க. தன் இடம் எதுன்னே தெரியாமப் பழசு குழம்பிடும். விடற அன்னிக்குப் பழசுக்கு வயிறு முட்டத் தீனி போட்டு, விளக்கை அணைச்சுட்டுப் புதுசை விடணும்."

சுவாலே பரீட்சைக்குப் போகிற பையன் மாதிரி உதடு அசைய எல்லாவற்றையும் மனப்பாடம் செய்தார். போகும்போது ஒரு டப்பா மீன் தீனி வாங்கிக்கொண்டார்.

"புது மீன் வேணாமாண்ணே? சாதுவா ஒண்ணு பார்த்துத் தரேன்."

"அது வேற இடத்துல பார்த்து வெச்சுட்டேன் தம்பி."

கொம்போ அப்படியே நின்றுவிட்டான். அந்தப் பக்கத்தில் வேறு மீன்தொட்டிக் கடையே கிடையாது.

அதற்குப் பிறகு சுவாலே தலைகாட்டவில்லை. மீன் செத்துவிட்டதோ, ஊர் முழுக்கக் கடையைத் திட்டிக்கொண்டு திரிகிறாரோ என்று கொம்போவுக்கு ஒரே கவலை.

ஒருநாள் மதியம் கடை வாசலில் ஒரு டுக்டுக் ஆட்டோ வந்து நின்றது. கறுப்பு அங்கி போட்ட ஒரு பெண் இறங்கி வந்தாள். "கொம்போங்கறது நீதானா? நான் சௌமு. சுவாலேயோட பொண்டாட்டி."

"வாங்கக்கா, வாங்க! உங்க மீனை நினைச்சுத்தான் எனக்குத் தூக்கமே இல்ல. பழசு கடிச்சுதா?"

"எங்க வீட்ல மீனும் இல்ல, தொட்டியும் இல்ல."

கொம்போவுக்கு ஒன்றுமே புரியவில்லை. "அப்போ அண்ணன் கேட்டதெல்லாம்?"

"முதல்ல முற்றத்து அறையில ஒரு பொண்ணைக் குடி வெச்சார். கம்பி ஜன்னல் வழியா நானும் அவளும் பேசிப் பழகினோம். அப்புறம் பீரோ, கட்டில், சோபா எல்லாத்தையும் இடம் மாத்தினார். எனக்குப் பைத்தியம் பிடிக்காத குறை. போன வியாழக்கிழமை எனக்கு வயிறு முட்ட புலாவ் வாங்கிக் குடுத்து, ஃபியூஸைப் பிடுங்கிட்டு, இருட்டுல அவளைக் கொண்டு வந்து உள்ளே விட்டார். நிக்காஹ் எப்பவோ ஆயிடுச்சாம். எனக்குத்தான் சொல்லல."

"அக்கா, சத்தியமா நான் மீனுக்குத்தான் சொன்னேன்! நீங்க... கடிச்சீங்களா?"

"அவளை ஏன் கடிக்கணும்? அவகிட்ட எனக்குத் தலாக் குடுத்தாச்சுன்னு சொல்லியிருக்கார் இந்த மனுஷன்." சௌமு வாசல் பக்கம் திரும்பினாள். "மெஜூமா, வெயில்ல ஏன் உட்கார்ந்திருக்கே? உள்ளே வா."

டுக்டுக்கிலிருந்து ஓர் இளம்பெண் இறங்கி வந்து சௌமுவின் தோளை ஒட்டி நின்றாள்.

"உன் யோசனை அருமையா வேலை செஞ்சிருக்கு தம்பி, எங்க ரெண்டு பேருக்கும் ஒத்துப்போச்சு" என்றாள் சௌமு. "இப்போ தொட்டியிலிருந்து அந்த ஆண் மீனை மட்டும் வெளியே எடுக்கறது எப்படி, அதைச் சொல்லு."