கடைசி வரிசைக்காரர்

ஞாயிறு ஆராதனை முடிந்த கையோடு, மடிக்கணினியும் கையுமாகப் போதகரின் அறைக்குள் நுழைந்தார் புரோகிராமர்.

“பாட்டு வரியைத் திரையில காட்டுற சாப்ட்வேரை, சபையில யார் வேணா திருத்தலாம்னு திறந்து விட்டேன் பாருங்க ஐயா, என் புத்தியைச் சொல்லணும்!”

“ஏன் தம்பி, யாரும் சேரலையா?”

“ஆறு மாசம் வகுப்பெடுத்து, ஆன்லைன்ல முகம் காட்டாம சேர்ந்தது ஒரே ஒரு ஆள். ‘கடைசி வரிசை’ன்னு புனைபெயர். அவருக்கு ஒரே வேலை, எழுத்தைப் பெருசாக்குறது. நான் குறைச்சா மறுநாளே ஏத்திடுறாரு. இன்னைக்குத் திரையில ரெண்டு வரிதான் நின்னுச்சு. பாடகர் குழு என்னை வறுத்தெடுக்குது!”

“பாவம், கண்ணு மங்கினவங்களா இருக்கும்.”

“அதையும் பார்த்துட்டேன். கடைசி வரிசை முழுக்கக் காலேஜ் பசங்க. வேணும்னே பண்றாங்க. ஆளை நீக்கணும்னா உங்க கையெழுத்து வேணும்னு நாமதானே விதி போட்டோம்? இந்தாங்க கடிதம், போடுங்க.”

எரிச்சலில் கடிதத்தைத் தலைகீழாக நீட்டிவிட்டார். போதகர் அதை வாங்கி, மேலிருந்து கீழ்வரை நிதானமாகப் பார்த்தார். பிறகு, திருப்பாமலே பேனாவைத் திறந்தார்.

புரோகிராமருக்குத் தூக்கிவாரிப் போட்டது. பீடத்தில் நிற்கும் போதகர் பார்த்துப் பாடவென்று, கடைசி வரிசைக்கு மேலே இன்னொரு திரையை மாட்டியதே இந்தப் புரோகிராமர்தான்.

“ஐயா... ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, உங்க திரைக்கு மட்டும் தனியாப் பெருசாக்கியிருப்பேனே!”

“சொன்னா சபை வேற போதகரைத் தேடும், தம்பி.”

கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு, மடிக்கணினியைத் திறந்தார் புரோகிராமர். “இன்னைக்கு இருந்த அளவு போதுமா ஐயா?”

“இல்ல தம்பி,” என்றார் போதகர். “அது இன்னைக்கே பத்தல.”