சபீரா துப்பறிகிறாள்

பேளுக்குறிச்சி மிளகு வியாபாரி அப்பாஸ் அலிக்கு சினிமாக்காரர்களிடம் கேட்க ஒரே கேள்விதான் இருந்தது.

"ஏனுங்க, எம்புள்ளைக்குத் திருட்டு வேசம் குடுத்துற மாட்டீங்களே?"

சென்னையிலிருந்து வந்திருந்த இயக்குநருக்கு மனசு புண்பட்டுவிட்டது.

"என்ன பாய், என்னைப் போய் இப்படி நினைச்சிட்டீங்க. குடும்பத்தோட பார்க்கிற படம். சின்னப் பிள்ளைங்க துப்பறியிற கதை. எல்லாச் சமூகத்துப் பிள்ளைங்களும் அதுல இருக்கணும்னுதான் கொல்லிமலைக்கே வந்தேன். உங்க சபீராதான் அந்தக் கூட்டத்துக்குத் தலைவி."

அப்பாஸ் அலி அரைமனதாகத் தலையாட்டினார்.

படத்தில், பங்களாவில் காணாமல்போன வைர மாலையைத் தேடி, சபீரா பூதக்கண்ணாடியும் கையுமாக மலை முழுக்க அலைந்தாள். மலையிலேயே பிறந்த அருணாவும் சென்னைப் பையன்கள் இருவரும் அவள் பின்னால் ஓடினார்கள். காவல்காரர், சமையல்காரர், தபால்காரர் என்று ஒருவரையும் அவள் விட்டுவைக்கவில்லை.

"நெசத் திருடன் யாருங்க சார்?" என்று தினமும் கேட்பாள்.

"கடைசி நாள்தான் சொல்லுவேன்" என்பார் இயக்குநர்.

கடைசி நாள் மலைமேல் அரியூர் நாட்டுப் பகுதியில் படப்பிடிப்பு. இயக்குநர் காட்சியை விளக்கினார். அருணா சந்தேகப்பட்டு சபீராவின் பையைத் திறப்பாள். உள்ளே வைர மாலை இருக்கும்.

சபீரா பூதக்கண்ணாடியைக் கீழே வைத்தாள்.

"அப்ப நாந்தான் திருடிங்களா?"

"துப்பறியிறவளே திருடி. எப்படி ட்விஸ்ட்? இதை யாராலயும் கண்டுபிடிக்க முடியாது பாப்பா."

துணைக்கு வந்திருந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு சபீரா பஸ் நிற்கும் பக்கம் நடந்தாள். போகிறபோதே திரும்பிச் சொன்னாள்.

"எங்க அத்தா மொத நாளே கண்டுபிடிச்சுட்டாருங்க சார்."